எல்லை கடக்கும் குரல்

முற்காலத்தில் கடல் கடந்து சென்றவரின் நலம் அறியக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தோம். 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள பெற்றோர், அயல்நாடு சென்ற மக்களின் முகத்தையே நாள்தோறும் கைப்பேசியில் காண்கின்றனர். இத்தொடர்புக்கு அளவு உண்டா?

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இதற்கு வழிகாட்டுகிறது. குறித்த காலம்வரை குறித்த எல்லையைக் கடவேன் என்பது தேசவிரதம். அதற்குரிய குற்றங்கள் ஐந்து: எல்லைக்கு அப்பாலிருந்து பொருளை வரவழைத்தல், ஆளை ஏவுதல், குரல் கொடுத்தல், உருவைக் காட்டுதல், கல் முதலியவற்றை எறிந்து குறிப்புணர்த்தல். கால் எல்லைக்குள் நிற்பினும், குரலும் உருவும் அப்பால் சென்றால் பற்றும் உடன் சென்றது என்பதே கருத்து.

விரதம் பூண்டவர்க்குரிய இவ்விதியைப் பயணிகள் அனைவர்மீதும் சுமத்தலாகாது. நலம் அறிவித்தல் கடமை. அறிவியாது பெற்றோரைக் கலங்கவிடுதலும் இம்சையே. ஆயினும் நமக்கு இரவு 9 மணி எனில் சிங்கப்பூரில் 11.30 மணி. அங்கே உழைத்துக் களைத்து உறங்கும் மகனை எழுப்பி, "சாப்பிட்டாயா?" என்று வினவுதல் அவன் பொருட்டா, நம் மன அமைதியின் பொருட்டா? அங்கிருந்தபடியே வீட்டின் ஒவ்வொரு செயலையும் மகன் ஏவி நடத்துதலும் அத்தகையதே.

நலம் அறிந்ததும் அன்பு நிறைவுறும். பற்றோ மீண்டும் அழைக்கும். எனவே இரு பாலாரும் கலந்து பேசி, நாளில் ஒரு வேளையை வரையறுத்துக்கொள்வோமாக. இல்லறத்தார்க்கு இயன்ற சிறு விரதம் இது.