ஆவியுலகச் சான்றும் மாயவித்தைக்காரரின் கண்ணும்

இறந்தோரின் ஆவியோடு பேசுவதாகக் கூறும் ‘மீடியம்’ எனப்பட்ட இடையாளர்களைச் சோதிக்க அறிவியலாளரைவிட மேடை மாயவித்தைக்காரரே தகுதியுடையவர் என்ற, தாமே மாயவித்தைக்காரரான ஹாரி ஹூடினியின் வாதத்தில் ஆழ்ந்த நியாயம் உண்டு. இயற்கைப் பொருள்கள் தம்மை ஆராய்பவரை ஏமாற்ற முயல்வதில்லை, மனிதரோ முயல்வர். காட்சி, அதாவது புலன்வழியே நேரில் அறிதல், ஓர் அளவையாக, மெய்யறிவின் வாயிலாக, நிலைபெற வேண்டுமாயின், அதைத் திரிக்கும் உத்திகளை அறிந்தவர் உடனிருந்தாக வேண்டும். 1924இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் மெய்யான ஆவியுலகச் சான்றுக்கு அறிவித்த பரிசின் தேர்வுக் குழுவில் இருந்த ஹூடினி, பாஸ்டன் நகரில் ‘மார்ஜரி’ என்று அறியப்பட்ட இடையாளர் இருளில் தம் காலாலேயே மணியை ஒலிக்கச் செய்தார் எனக் குற்றஞ்சாட்டினார்; பரிசு வழங்கப்படவில்லை.

இதைவிடக் கூர்மையானது 1922இல் அட்லாண்டிக் சிட்டியில் நிகழ்ந்தது. ஆவியுலக நம்பிக்கையாளரான எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலின் மனைவி, ஹூடினியின் மறைந்த தாய் உரைத்ததாகப் பல பக்கங்களை எழுதினார். ஆனால் யூத மதகுருவின் மனைவியான அத்தாயின் செய்தி சிலுவைக் குறியோடு தொடங்கி ஆங்கிலத்தில் அமைந்திருந்தது, அவரோ ஆங்கிலம் பேசாதவர். இங்கே மோசடி நோக்கம் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. நேர்மையான நம்பிக்கையும் பொய்ச்சான்றைப் பிறப்பிக்கும் என்பதே, அரிதாகவே பேசப்படும், கடினமான உண்மை. போலிகள் அம்பலமாவதால் மறுமை இல்லையென்று நிறுவப்பட்டுவிடாது. எனினும் மெய்ப்பிக்கும் பொறுப்பு, ஆவி பேசியது என்று கூறுபவரையே சாரும்.