கூலிக்கு எழுதிய பாட்டில் பக்தி உண்டா?

பாபநாசம் சிவன் (1890–1973) கோயிலுக்கும் சினிமாவுக்கும் ஒரே காலத்தில் பாட்டு எழுதியவர். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் மேல் பாடிய கீர்த்தனைகளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை; படக் கம்பெனிகளுக்கு எழுதியவை சம்பளத்துக்கு எழுதியவை. பணத்துக்காகப் பிறந்த பாட்டில் பக்தி இருக்க முடியுமா என்ற கேள்வியை ஆராய அவர் வாழ்க்கையைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

அன்றைய தஞ்சை மாவட்டம் போலகத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமையா. சிறு வயதில் தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் சென்று சமஸ்கிருதம் படித்தார். அங்கே பக்திப் பாடலாசிரியர் நீலகண்ட சிவனின் பஜனைகள் அவரைப் பற்றிக்கொண்டன. தாயும் மறைந்த பிறகு, பாடிக்கொண்டே கோயில் கோயிலாக அலைந்தார். திருநீறு பூசிய அவர் கோலத்தைக் கண்டு ஊரார் ‘சிவன்’ என்றே அழைத்தனர். ஆனால் கீர்த்தனைகளில் அவர் வைத்த முத்திரை ‘ராமதாசன்’. சைவ வைணவப் பிரிவு அவர் பக்தியில் குறுக்கிடவே இல்லை.

மயிலாப்பூரில் குடியேறியபின், மார்கழி விடியலில் மாடவீதிகளைச் சுற்றிவரும் பஜனையைப் பல்லாண்டு நடத்தினார். கபாலியின் வீதியுலாவைப் பாடும் அவருடைய காம்போதி ராகக் கீர்த்தனை, சுவாமியின் நகை, மாலை, முகம் என்று பார்வை நகர நகர விரிகிறது. கூட்டத்தில் நின்று எட்டிப் பார்க்கும் ஒருவரின் கண்தான் அதில் வேலை செய்கிறது. தத்துவம் பேசாமல், கண்டதைச் சொல்லியே மனத்தைக் கரைக்கும் பாட்டு அது.

1934-இல் வந்த ‘சீதா கல்யாணம்’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ‘தியாக பூமி’யில் (1939) சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார். கேள்வியைக் கூர்மையாக்குவது ‘ஹரிதாஸ்’ (1944). சிற்றின்பத்தில் மூழ்கிய கதாநாயகனுக்காக, தியாகராஜ பாகவதர் குரலில் சாருகேசி ராகத்தில் ஒலித்த காமரசப் பாட்டை எழுதியது மாடவீதியில் பஜனை செய்த அதே கைதான். இதை முரண் என்று குறை சொல்வது எளிது. ஆனால் அதே நாயகன் பின்னர் மனம் திருந்திப் பாண்டுரங்க பக்தனாகிறான். முன்பாதியின் மயக்கம் உண்மையாக ஒலிக்காவிட்டால் பின்பாதியின் உருக்கம் வெறும் வேஷமாகிவிடும். இரண்டையும் அவர் அரைமனதாக எழுதவில்லை.

பாடுபவர் பொருள் பெறலாமா என்பதில் பக்தி மரபு ஒரே குரலில் பேசவில்லை. அரசரின் பொருளை மறுத்து உஞ்சவிருத்தி எடுத்த தியாகராஜர் ஒரு பக்கம். மறுபக்கம், பதிகம் பாடி இறைவனிடமே பொன் கேட்ட சுந்தரர். பெரியபுராணம் சொல்லும் திருவீழிமிழலை நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அன்னமிட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு வைத்தார். உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்த அப்பரின் காசுக்கு வட்டம், அதாவது மாற்றும்போது கொடுக்கும் கழிவு, இல்லை. சம்பந்தரின் காசு வட்டம் கொடுத்தே மாறியது. காசு பெற்றதை அந்தக் கதை குற்றமாகக் கருதவில்லை. உடல் வருந்திய உழைப்பு அதில் உண்டா என்று பார்க்கிறது.

அந்த அளவுகோலால் அளந்தால் பாபநாசம் சிவனின் கணக்கு நேராகவே நிற்கிறது. சினிமா வருமானம் வந்த ஆண்டுகளிலும் அவர் மார்கழி பஜனையை விடவில்லை. கலாக்ஷேத்திராவில் இசை கற்பித்தார். சங்கீத கலாநிதி பட்டம் 1971-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. கச்சேரி மேடை அவருடைய திரைப்பாடல்களையும் கீர்த்தனைகளோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டது. கூலி வாங்கியதால் பக்தி குறைந்தது என்று சொல்ல அந்தப் பாட்டுகளில் ஒரு தடயமும் இல்லை.