ஒட்டப்பட்ட கிளை

நான் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியபோது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்படியே போனா உனக்கு மீட்பு இல்லடா” என்று அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. அதையே பழக்கமில்லாத ஒருவர் நிதானமாகச் சொன்னபோது வந்தது. வாக்கியம் ஒன்றுதானே, ஏன் இப்படி?

பதில் தேடித்தான் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9 முதல் 11 வரையான அதிகாரங்களுக்குப் போனேன். எழுதிய பவுல் ஒரு யூதர். தன் ஜனங்களில் பெரும்பாலோர் இயேசுவை மேசியாவாக ஏற்காதது அவருக்கு ஓயாத வலி. அவர்களுக்காகத் தான் கிறிஸ்துவை விட்டு அறுந்துபோனாலும் சரி என்கிறார். யோசிச்சுப் பாருங்க, அவருடைய நம்பிக்கையில் அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. மீட்பு வேண்டும் என்று சொல்கிறவர் தன் மீட்பையே விட்டுக்கொடுக்கத் துணிகிறார்.

பிறகு ஒலிவமர உவமை. இஸ்ரவேல் என்ற மரத்தில் சில கிளைகள் முறிந்தன. புறஜாதியார் என்ற காட்டொலிவக் கிளைகள் ஒட்டப்பட்டன. ஒட்டப்பட்ட கிளை பெருமை பேசக்கூடாது, அது நிற்பதே வேரின் தயவில் என்று எச்சரிக்கிறார். முறிந்தவை மறுபடி ஒட்டப்படலாம். கடைசியில் இஸ்ரவேல் முழுவதும் மீட்கப்படும் என்கிறார். கடவுளின் வழிகள் ஆராய முடியாதவை என்று வியந்து முடித்துக்கொள்கிறார்.

சுமார் நூறு வருடம் கழித்து ஜஸ்டின் எழுதுகிறார். யூதரல்லாதவர். இதற்கிடையில் 70இல் எருசலேம் ஆலயம் அழிந்திருந்தது. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சிக்குப் பின் யூதர் எருசலேமுக்குள் நுழையவே ரோம் தடை போட்டிருந்தது. டிரைஃபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக அமைந்த நூலில் ஜஸ்டின் சொல்வது இது: இந்தத் துன்பத்துக்கு உங்களை அடையாளம் காட்டத்தான் விருத்தசேதனம் தரப்பட்டது; இது உங்களுக்குத் தகும்; மெய்யான இஸ்ரவேல் இனி நாங்கள்தான். நியாயமாகச் சொன்னால், இருவரும் மரியாதையோடுதான் பிரிகிறார்கள். அவர்களுக்காக ஜஸ்டின் ஜெபிக்கவும் செய்கிறார். ஆனால் பவுல் அழுத இடத்தில் இவர் தீர்ப்பு எழுதிவிட்டார். 386-87இல் அந்தியோகியாவில் ஜான் கிறிசோஸ்தம் இன்னும் தூரம் போனார். தன் சபையார் யூதப் பண்டிகைகளுக்குப் போவதைத் தடுக்க நினைத்தவர், பிரசங்கத்தில் யூதர்களையே இழிவாக வசைபாடினார்.

போதனை பெரிதாக மாறவில்லை. அதைச் சொல்கிறவருக்கு இழக்க எதுவும் இல்லாமல் போனதுதான் மாறியது. அந்த ஒலிவமரத்தை நினைவுகூர்ந்து, யூதரைச் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965இல்தான்.

அதற்காகப் பவுலின் கண்ணீர் எல்லாவற்றையும் சரியாக்கிவிடாது. “என் உடன்படிக்கை எனக்குப் போதும், எனக்காக ஏன் அழறீங்க?” என்று ஒரு யூதர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பெரியம்மாவிடம் நானும் அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் பிடித்த கையை மட்டும் விடாமல் வைத்திருந்தேன்.