அவங்கட குணம்

“அவங்கட குணமே அப்படித்தான்.” திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் இந்த வசனத்தைத் தமிழர் முஸ்லிம்களைப் பற்றிச் சொல்வார்கள். முஸ்லிம்கள் தமிழரைப் பற்றிச் சொல்வார்கள். இருவரும் சிங்களவரைப் பற்றிச் சொல்வார்கள். கந்தளாய்ப் பக்கம் போனால் இருவரைப் பற்றியும் இதே வசனம் சிங்களத்தில் கேட்கும். வாய்க்கால் தண்ணீர் இரண்டு நாள் பிந்தினாலும் இதுதான் விளக்கம். வயலில் மாடு இறங்கினாலும் இதுதான். ஆளைக் கொன்றாலும் இதுதான். சின்னப் பிணக்குக்கும் பெருங்கொடுமைக்கும் ஒரே விளக்கம் போதுமாக இருப்பதே அந்த விளக்கத்தைச் சந்தேகிக்கக் காரணமாகும்.

ஒருவன் செய்த தீமைக்கு அவன் பிறந்த சமூகத்தின் இயல்பைக் காரணமாகச் சொல்வது அறமாகுமா? மனித இயல்பைப் பற்றிச் சமயங்களும் தத்துவங்களும் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாகத் தங்களுக்குள் வாதாடிவந்திருக்கின்றன. அந்த வாதத்தில் எந்தப் பக்கத்திலாவது இந்த வசனத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் இந்த வசனத்துக்குப் பின்னால் பிணங்கள் கிடக்கின்றன.

திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகும் வீதி தம்பலகாமம், கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகிறது. 1987 ஏப்ரல் 17, பெரிய வெள்ளியன்று, அந்த வீதியில் அலுத் ஓயா என்ற இடத்தில் பஸ்கள் மறிக்கப்பட்டு நூறுக்கும் மேற்பட்ட சிங்களப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். செய்தவர்கள் விடுதலைப் புலிகள். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூறுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். அதைச் செய்தவர்களும் புலிகளே. 1998 ஜனவரி 25இல் கண்டி தலதா மாளிகை வாசலில் புலிகளின் லொறிக் குண்டு வெடித்தது. ஒரு கிழமை கழித்து, பெப்ரவரி 1ஆம் திகதி, தம்பலகாமம் பாரதிபுரத்தில் தமிழ்ப் பொதுமக்கள் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பொலிஸாரும் ஊர்காவற் படையினரும்.

இந்தப் பந்தியை வாசிக்கும் மனம் எங்கே தடக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். தன் சமூகத்தவர் செய்த கொலைக்குக் கிட்ட வரும்போது ஓர் “ஆனால்” எழும்பும். அந்தக் காலம் அப்படி, அதற்கு முதல் அவர்கள் செய்தது என்ன, போர் என்றால் இதெல்லாம் நடக்கும். மற்றவர் செய்த கொலைக்குக் கிட்ட அப்படி ஒன்றும் எழும்பாது. அங்கே குணம்தான் காரணம். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் பெட்டிகுரூ 1979இல் இந்தப் போக்கைக் கோட்பாடாகவே எழுதிவைத்தார்: எங்கள் ஆட்கள் தவறினால் சூழ்நிலை, பிற ஆட்கள் தவறினால் பிறவிக் குணம், பிற ஆட்கள் நன்மை செய்தால் மட்டும் அது விதிவிலக்கு. “அவன் முஸ்லிமெண்டாலும் நல்லவன்”, “சிங்கள ஆள்தான், ஆனா தங்கமான மனுசன்” என்று வீட்டு முற்றங்களில் மனமாரச் சொல்லப்படும் பாராட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன “எண்டாலும்” எவ்வளவு பெரிய அவமதிப்பு!

தம்பலகாமத்து மண்ணிலேயே நிற்கும் சமயங்களிடம் இதைக் கேட்கலாம். அங்கே ஆதிகோணநாயகர் கோயில் இருக்கிறது. அழிவிலிருந்து பிறந்த கோயில் அது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருகோணமலைக் குன்றின் மேலிருந்த கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்து, கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் கடைசியில் இந்த வயல்நாட்டுக்கு வந்து சேர்ந்தன என்பது மரபு. இப்படி ஒரு பறிகொடுப்பை நினைவில் வைத்திருக்கும் கோயிலின் சமயம், பறித்தவனின் இயல்பைப் பற்றி என்ன சொல்லும்?

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். அவர் வழிவந்த சைவ சித்தாந்திகள் உயிரையும் மலத்தையும் விளக்கக் கையாளும் உவமைகளில் ஒன்று நெல். ஆணவம் என்னும் அந்த மலம் உயிரோடு எப்போது சேர்ந்தது? நெல்லோடு உமி எப்போது சேர்ந்ததோ அப்போது. தொடக்கம் கிடையாது, யாரும் கொண்டுவந்து ஒட்டவும் இல்லை. ஆனால் உமி அரிசி ஆகாது. குத்தினால் நீங்கும்; நீங்கினால் மீண்டும் முளைக்காது. பெரும்போகம் முழுவதும் சேற்றில் நிற்கும் கமக்காரனுக்கு இந்த உவமையை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. மொட்டைக்கறுப்பனானாலும் கீரிச்சம்பாவானாலும் உமியில்லாமல் விளையும் நெல் உலகத்தில் இல்லை.

இதில் இரண்டு முடிவுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, ஆணவம் இல்லாத உயிர் எந்தச் சமூகத்திலும் இல்லை, சொல்பவனுடைய சமூகம் உட்பட. இரண்டாவது இன்னும் கனமானது. வயலில் பதர் உண்டு: உமி மட்டும் இருக்கும், உள்ளே அரிசி இராது. சூட்டடிக்கும்போது காற்றில் பறக்கவிட்டுவிடலாம். சித்தாந்தத்தில் பதரான உயிர் ஒன்றுகூட இல்லை. இப்படித்தான் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. அதே 13ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் மத்துவர், சில உயிர்கள் என்றென்றைக்கும் இருளுக்கே உரியவை என்று கற்பித்தார். அந்தக் கதவு பக்கத்திலேயே திறந்திருந்தும் சித்தாந்தம் அதற்குள் போகவில்லை. ஆகவே கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்து ஓர் இனத்தையே பதர் என்பவர், தம் சமயத்தை மறுத்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்.

முள்ளிப்பொத்தானையிலும் கிண்ணியாவிலும் ஓதப்படும் மார்க்கம் மனிதனை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. பிறக்கும் பிள்ளை ஃபித்ராவில், அழுக்கற்ற இயற்கை நிலையில் பிறக்கிறது. வழி மாறுவது பிறகு வளர்ப்பால். இங்கே பிறவிக் களங்கம் என்பதே இல்லை. அதனால் மனிதனைப் பற்றி இஸ்லாம் ஏமாந்துவிடவும் இல்லை. தீமைக்கு ஏவும் நஃப்ஸ், தன்னைத் தானே நிந்திக்கும் நஃப்ஸ், அமைதி அடைந்த நஃப்ஸ் என்று ஒரே உள்ளத்தின் மூன்று நிலைகளை அது பேசுகிறது. முதல் மனிதன் படைக்கப்படுமுன் வானவர்கள் தயங்கியதையும், இவன் இரத்தம் சிந்துவானே என்று கேட்டதையும் குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது. அந்த அச்சம் மனிதன் முழுவதையும் பற்றியது. இன்ன மொழி பேசுபவன் சிந்துவான் என்று வானவர் பிரித்துச் சொல்லவில்லை.

பௌத்தம் இன்னொரு திசையில் போகிறது. நிலையான ஆன்மாவே இல்லை என்ற பிறகு நிலையான குணம் எங்கிருந்து வரும்? சித்தம் ஒளியுடையது, அழுக்குகள் வந்தேறிகள் என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. விரல்களை மாலையாகக் கோத்த அங்குலிமாலன் பிக்குவாகி விடுதலை அடைந்த கதையை விகாரைகளில் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். அந்த மரபிலேயே மகாவம்சமும் எழுதப்பட்டது. தமிழரோடு நடந்த போரில் இறந்தவர்களை எண்ணிக் கலங்கிய துட்டகைமுனு மன்னனுக்கு அரகத்துகள் ஆறுதல் சொல்கிறார்கள்: கொல்லப்பட்டவர்களில் மனிதர் ஒன்றரைப் பேர்தான், ஒருவர் சரணம் புகுந்தவர், மற்றவர் பஞ்சசீலம் ஏற்றவர். புத்தர் போதித்ததற்கு இவ்வளவு எதிரான ஒரு கணக்கு அந்த மரபிலேயே எழுதப்பட்டது பெரும் துயரம். மனித இயல்பைப் பற்றிய எவ்வளவு நல்ல கோட்பாடும், மனிதன் யார் என்று எண்ணும் இடத்தில் தோற்றுப்போகலாம் என்பதற்கு இது சாட்சி.

தமிழர் இதைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கிவிட முடியாது. “துரோகி” என்ற ஒரு சொல் தமிழரிடையே அதே கணக்கைத்தான் போட்டது. அந்தச் சொல் விழுந்த ஆளுக்குப் பிறகு தாய் இல்லை, பிள்ளை இல்லை, விசாரணை இல்லை. மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடலைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள்.

கிறிஸ்தவத்தில் ஆதிப் பாவத்தை அகஸ்தீன் வலியுறுத்தினார், பெலாஜியஸ் மறுத்தார். அகஸ்தீனின் பார்வை கடுமையானதுதான். ஆனாலும் தன்னையும் தன் தாயையும் தன் ஆயரையும் அதே பாவத்துக்குள் வைக்கும் கோட்பாடு அது. கோணேசரை இடித்தவர்களை அந்தக் கோட்பாடு நிரபராதிகள் ஆக்காது.

அப்படியானால் இனத்துக்கொரு குணம் என்ற எண்ணத்தை இந்தச் சமயங்களின் போதனையில் தேடிப் பயனில்லை. அது ஊர்ப்பேச்சில் எப்போதும் இருந்தது. பின்பு பிறநாட்டார் அதற்கு ஏட்டு மரியாதை கொடுத்தார்கள். 1660இல் தம்பலகாமத்துக்குத் தென்கிழக்கே கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் ஏறக்குறைய இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்தார். 1681இல் வெளிவந்த நூலில் தாழ்நிலத்தார் இரக்கமுள்ளவர், மலைநாட்டார் பொய்யர் என்று குணத்தைப் பங்கிட்டார். தகப்பனைப் பறிகொடுத்து, தனிமையில் இருந்த அந்த இளைஞன் பிழைத்தது அந்த ஊரார் கொடுத்த அரிசியில்தான். அவரை அதிகம் குறை சொல்ல மனம் வரவில்லை. துன்பப்பட்டவன் பொதுமைப்படுத்துவது இயற்கை. இயற்கை என்பதால் அது சரி ஆகிவிடாது.

இங்கே ஒரு பலமான மறுப்பு வரும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே இயல்பு என்றால், அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று ஆகிவிடாதா? குற்றவாளி காணாமல் போய்விடுவானே? பாரதிபுரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் “மனித இயல்பு” என்று பேசுவது கொடுமை. அலுத் ஓயாவில் இறந்தவரின் வீட்டிலும் அது கொடுமைதான்.

இந்தச் சமயங்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. அதில்தான் அவை ஒன்றுக்கொன்று மிகவும் கிட்ட வருகின்றன. இயல்பு பொது, செயலோ அவரவருடையது. சைவன் வினை என்பான், பௌத்தன் கம்மம் என்பான், முஸ்லிம் மறுமையில் தனித்தனியே கையில் தரப்படும் ஏட்டைச் சொல்வான். எந்தக் கணக்கிலும் ஒருவன் சுமையை இன்னொருவன் தலையில் ஏற்ற வழியில்லை. ஆகவே ஆளைப் பெயர் சொல்லி விசாரிப்பதும், இனத்தைக் குற்றம் சாட்ட மறுப்பதும் ஒரே அறத்தின் இரண்டு பாதிகள். ஒன்றைச் செய்யாமல் மற்றதை மக்களிடம் எதிர்பார்க்க முடியாது.

நடந்ததோ தலைகீழ். இதே மாவட்டத்தில் கிளிவெட்டிக்குக் கிட்டவுள்ள குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11இல் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டார்கள். இருபது வருடம் கழித்து, 2016 ஜூலையில், குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரை அனுராதபுரம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. காத்தான்குடிக் கொலைக்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. செய்தவன் யார் என்று தீர்ப்புச் சொல்லாதபோது பக்கத்து ஊர் தீர்ப்புச் சொல்கிறது; அதற்குத் தெரிந்த ஒரே பெயர் “அவங்கள்”. தண்டிக்கப்படாத குற்றம் இப்படித்தான் ஆளை விட்டு இனத்தின் தலையில் ஏறி, ஒரு தலைமுறை கழிந்ததும் குணமாக மாறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது பிறவிக் குணமாகவே கையளிக்கப்படுகிறது.

தெற்கே, இதே கிழக்கு மாகாணத்தில், கல்லோயா இருக்கிறது. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 ஜூனில் அந்தக் குடியேற்றத்தில் தமிழர் பலர் கொல்லப்பட்டார்கள். சுதந்திர இலங்கையில் தமிழர் மீதான முதல் பெரும் இனக்கொலை அங்கேதான் நடந்தது. அதற்கு 25 வருடம் கழித்து அதே கல்லோயாவின் இடதுகரையில் ஒரு நீர்ப்பாசனத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வாய்க்காலின் தலைப்பில் சிங்களக் கமக்காரர், கடைசியில் தமிழர். அதிகாரிகள் அந்தக் கமக்காரர்களைச் சண்டைக்காரர், ஒத்துழைக்கத் தெரியாதவர் என்றே சொல்லிவந்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. அதே வருடம், குளத்தில் ஏறக்குறையக் கால்வாசித் தண்ணீரே இருந்த போகத்தில், இடதுகரைத் தலைப்புக் கமக்காரர் வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவாக்கி, தங்கள் மதகுகளை முறைவைத்து மூடி, கீழே இருந்த தமிழர் வயலுக்கும் தண்ணீர் விட்டார்கள். அங்கே பணியாற்றிய நோர்மன் அப்ஹொஃப் 1992இல் இதை ஒரு நூலாகவே எழுதினார்.

1956இன் கணக்கை இது தீர்க்கவில்லை. இறந்தவர்களுக்கு இந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் குணம் பிறவியில் வருவது என்பவர் இந்த 25 வருடத்துக்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். அதே குடியேற்றம், அதே மொழி, அதே விகாரை. ஏவியவர்களும் கேட்கப்பட்ட கேள்வியும்தான் வேறு. 1981இல் அந்தத் திட்டத்துக்காக வீடு வீடாகப் போன இளம் பட்டதாரிகள் ஒருவரிடமும் இனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை. உங்கள் வாய்க்காலில் தண்ணீர் எந்த இடத்தில் தடைப்படுகிறது, வந்து காட்டுங்கள் என்றார்கள்.