காணாமல் கொல்லுதல்

எலியைக் கொல்லலாமா என்பதில் நமக்கு மார்க்க ரீதியான குழப்பம் ஏதுமில்லை. ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிரினங்களுள் அதுவும் ஒன்று. திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடும் என்பதற்காக, உறங்குமுன் விளக்கை அணைக்கும்படி சொல்லப்பட்டதையும் அறிவோம். இன்று திரி இல்லை, மின்கம்பி இருக்கிறது. எனவே கொல்லலாம். எப்படிக் கொல்வது என்பதில்தான் எனக்குக் கேள்வி தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் எலி சுவருக்குள் இருந்தது. சின்னச் சுண்டெலியும் கூரை ஏறும் பெரிய எலியும். 2004 சுனாமிக்குப் பின் கட்டிய வீடு. உள்ளே பொந்து விட்டு வார்த்த சீமெந்துக் கற்கள். பழைய களிமண் வீட்டிலும் எலி இருந்ததுதான். ஆனால் அது கிடுகுக்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இந்தக் கற்களுக்குள் எங்கே ஈன்றது, எங்கே உறங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. இரவில் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்கும்.

அதைச் சகித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். ஆனால் உம்மாவுக்கு நீண்டகாலச் சீனி வியாதி. பாதங்களில் உணர்ச்சி இல்லை. ஒருநாள் காலையில் பெருவிரல் நுனி கொறிக்கப்பட்டு, பாயில் இரத்தம் இருந்தது. "என்ன மகன், என்ட கால்ல என்ன?" என்று கேட்டா. நோவே தெரியவில்லை. ஜீவகாருண்யம் பேசுகிறவர்கள் அந்தப் பாயில் ஒரு நிமிடம் குந்திவிட்டுப் பேசட்டும்.

கடைக்காரர் எலி மருந்துப் பக்கற்றைத் தந்துவிட்டுச் சொன்னார்: "சேர், இதத் திண்டா தண்ணி தேடி வெளியில போய்த்தான் சாகும். ஊட்டுக்குள்ள நாறாது." இது பல கடைகளில் கேட்ட வார்த்தை. உண்மையல்ல. இம்மருந்துகளில் பல வோர்பரின் என்பதன் வழிவந்தவை. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வின் பேறாக 1948 இல் அது எலி மருந்தாக வந்தது. 1950களில், அளவோடு, மனிதருக்கும் மருந்தாயிற்று. விற்றமின் கேயின் வேலையைத் தடுத்து இரத்தம் உறையாமற் செய்வதே அதன் தொழில். எலி உடனே சாகாது. மூன்று நான்கு நாள், சிலவேளை ஒரு வாரம், உள்ளுக்குள் கசிந்து சாகும். பெரும்பாலும் தன் பொந்திலேயே. அந்தத் தாமதத்தில்தான் மருந்தின் கெட்டித்தனம் இருக்கிறது. தின்றவுடன் நோவு கண்டால் எலி அத்தீனியை மறுபடி தொடாது. நாட்கள் கழித்து வரும் நோவை அது தீனியோடு இணைத்துப் பார்ப்பதில்லை.

கடைக்காரரின் வார்த்தை ஏன் இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது? என் மனைவி ஒளிக்காமல் சொன்னா: "சாகட்டும். நம்மட கண்ணுக்குத் தெரியாமச் செத்தா இன்னும் நல்லம்." அவவில் குறையில்லை; நம் எல்லோரினதும் மனம் அதுவே. பக்கற்றோடு சேர்த்து, பாராதிருக்கும் வசதியையும் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். கொல்வதானால் அதையும் செம்மையாகச் செய்யும்படியும், கத்தியைத் தீட்டிக்கொள்ளும்படியும் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அதை உழ்ஹிய்யா மாட்டோடு நாம் சுருக்கிவிட்டோம் என்பது எனது அபிப்பிராயம். அறுக்கிறவன் மிருகத்தைப் பார்க்கிறான். கத்தி மழுங்கினால் அவனுக்குத் தெரியும். மருந்து வைத்தவனுக்கு ஒரு வாரம் கழித்து நாற்றம் தெரியும், அவ்வளவே. நஞ்சுண்டு தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்ற பூனையும் ஆந்தையும் அவன் கணக்கில் வரா. பசை அட்டையும் இந்த வகைதான். இரவெல்லாம் ஒட்டிக்கொண்டு துடிக்கும். இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் பொதுமக்கள் அதைப் பயன்படுத்தத் தடை. கூட்டோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தும் நம்மூர் வழக்கத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது.

ஓட்டைகளை அடைத்துவிடலாமே என்றார் ஒரு நண்பர். சரிதான். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். மூன்று வாரத்தில் ஓர் ஈற்று, ஐந்தாறு குட்டி. அடைக்காமல் எத்தனை கொன்றும் தீராது. ஆனால் உள்ளே இருக்கும்போதே அடைப்பதா? பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகவைத்த பெண்ணின் கதையை ஆறாந் தரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எலி பூனையல்ல என்று வாதிடலாம். பட்டினிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே முதலில் அரிசியையும் மாவையும் தகரப் பேணிகளில் மூடினோம். உம்மாவைக் கட்டிலுக்கு மாற்றி, நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே சொருகினோம். கழுத்தில் ஒரே அடியாக விழும் பலகைப் பொறிகளைக் கச்சான் வைத்துச் சுவரோரமாக இட்டேன். ஓட்டை வாய்களில் மா தூவி, ஐந்து இரவு தொடர்ந்து கால்தடம் விழாத பிறகே கம்பி நூலும் சீமெந்தும் வைத்து அடைத்தோம். மூன்று வாரம், பதினொரு எலி.

இதை எல்லோருக்கும் விதியாகச் சொல்லமாட்டேன். 2008 இல் நாட்டில் 7000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். சேற்றில் இறங்கும் வயல்காரனிடம் பொறி வைத்துக் காத்திரு என்பது திண்ணை நியாயம். நான் பேசுவது வீட்டைப் பற்றி, நான் உறங்கும் இடத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் நான் நிகழ்த்தும் மரணத்தைப் பற்றி.

பொறியும் எப்போதும் கழுத்தில் விழுவதில்லை. ஏழாவது எலிக்குப் பின்னங்கால் மட்டும் அகப்பட்டிருந்தது. மகன் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே போகச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னேன். கொண்டுவந்து தந்தான். தந்துவிட்டு அங்கேயே நின்றான்.