கரிசல் வானமும் கர்மக் கணக்கும்

ஈசுவரனிடத்தில் பாரபட்சம் உண்டா என்னும் வினாவுக்கு விடை சொல்லப் புகுந்த ஆதி சங்கரர், பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்துப் பாஷ்யத்தில் மழையை உவமையாக எடுத்துக்கொள்கிறார். மழை எல்லா விதைகளுக்கும் பொதுவாகவே பெய்கிறது. நெல் நெல்லாகவும் யவம் யவமாகவும் விளைவது அந்தந்த விதைக்குள் இருக்கும் சக்தியினால். அவ்வாறே ஈசுவரனும் பொதுக் காரணமாக நிற்க, ஜீவர்களின் ஏற்றத்தாழ்வுக்கு அவரவர் கர்மமே சிறப்புக் காரணமாகிறது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தின் அழகில் குறை காணும் தகுதி எனக்கில்லை. எனினும், ஆடி மாதத்துப் பிற்பகலில் சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தின்மேல் நின்று, கீழே வெறும் மணலையும், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளின் தலையில் கருக்கொண்டு நிற்கும் மேகத்தையும், இடையிலே புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்றையும் ஒருங்கே பார்க்கிறவனுக்கு உவமையிலேயே ஒரு சந்தேகம் பிறக்கும். மழை எந்தக் காலத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் பெய்தது?

பௌதிக சாஸ்திரம் இதற்குச் சொல்லும் காரணம் எளியது. அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று, மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, தன் பாரத்தையெல்லாம் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. சிகரத்தைத் தாண்டி இறங்கும்போது வெப்பமடைந்து, கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத வறட்டுக் காற்றாக நம்மிடம் வந்து சேர்கிறது. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரி 3000 மில்லிமீட்டர் அளவில் மழை; விருதுநகர் மாவட்டத்திலோ 800 மில்லிமீட்டரை ஒட்டி, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தை நம்பி. மலை உச்சிக்கும் சாத்தூருக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. மலையடியில் இருப்பதால் ராஜபாளையத்துக்கு மாந்தோப்பு வாய்க்கிறது. சாத்தூருக்கு வாய்த்ததெல்லாம் கரிசலும், மானாவாரிக் கம்பும் பருத்தியும், ஆற்று மணலில் விளையும் வெள்ளரியுமே. (அந்த வெள்ளரிக்காயின் சுவையைச் சொல்லப் புகுந்தால் கட்டுரை திசைமாறிப் போகும்.)

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. மலை ஏன் அங்கே நிற்கிறது என்பதற்குப் பூகோளம் பதில் சொல்லும்; மலைக்கு இப்பால் பிறந்தவன் ஏன் இப்பால் பிறந்தான் என்பதற்கு அது பதில் சொல்லாது. அந்த இடத்தில்தான் கர்மம் என்னும் சொல் மெல்ல உள்ளே நுழைகிறது. யக்ஞத்தால் மழையும் மழையால் அன்னமும் உண்டாகின்றன என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்ல, நல்லோர் பொருட்டே மழை பெய்யும் என்று நம் பாட்டிமார் சொல்ல, இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் மழையின்மைக்கும் ஒரு பாபியைத் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த நியாயத்தை நேராகப் பிடித்துக்கொண்டு போனால், மலைக்கு மேற்கே வாழ்கிறவர்கள் எல்லோரும் பரம்பரைப் புண்ணியசாலிகள், கரிசல் காட்டில் உழுகிறவர்கள் எல்லோரும் பரம்பரைப் பாபிகள் என்றல்லவா முடியும்? இரு பக்கத்து மனிதர்களோடும் பழகியவர் எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

இந்த விவகாரம் நம் சீமைக்கு மிக அருகிலேயே ஒருமுறை பெரிய அளவில் எழுந்தது. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி பீகாரைப் பூகம்பம் குலைத்தது. ஹரிஜன யாத்திரையாகத் தெற்கே வந்திருந்த காந்தியடிகள் அதே மாதம் 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் நம் பாபத்துக்கு ஈசுவரன் விதித்த தண்டனையே அது என்று சொன்னார். பின்னர் எழுதியபோது, வறட்சியையும் வெள்ளத்தையும்கூட மனிதனுடைய ஒழுக்கத்தோடு தொடர்புடையனவாகவே சேர்த்துக்கொண்டார். இரவீந்திரநாத தாகூர் இதைக் கடுமையாக மறுத்தார். இயற்கையின் செயலை இயற்கையின் விதிகொண்டே விளக்கவேண்டும், இதே தர்க்கத்தை வைத்து வைதிகர்கள் பூகம்பத்துக்குக் காந்தியின் இயக்கமே காரணம் என்று சொன்னால் என்ன செய்வது என்பது அவருடைய வாதம். தர்க்கத்தில் தாகூர் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் காந்தியின் சொல்லில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: அவர் குற்றத்தைச் சுமத்தியது தீண்டாமையால் துன்புற்றவர்கள்மீது அன்று, அதை நடத்தியவர்கள்மீது.

வள்ளுவரும் இந்த வழியில்தான் நடக்கிறார். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தை மழைக்குக் கொடுத்தவர், வானம் வறண்டால் தேவர்களுக்கும் பூசையும் திருவிழாவும் நடவாது என்கிறார். அதாவது, அவர் கணக்கில் மழை முன்னே வருகிறது, வழிபாடு பின்னே வருகிறது. செங்கோன்மையிலும் கொடுங்கோன்மையிலும் மழையையும் நீதியையும் முடிச்சுப் போடுகிறபோதோ, முறை தவறிய அரசன் நாட்டில் மழை பொய்க்கும் என்கிறாரேயன்றி, உழவனுடைய பூர்வஜன்மத்தை அவர் கிளறுவதில்லை. மழைக்கும் மன்னனுக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா என்று விவாதிக்கலாம். பழி யார் வாசலுக்குப் போகவேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு ஐயமே இல்லை.

நூல் படியாத ஜனங்களோ இதைவிட நுட்பமாக ஒரு காரியம் செய்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் வைக்கோலால் ஓர் உருவம் கட்டி, கொடும்பாவி என்று அதற்குப் பெயரிட்டு, ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாக இழுத்துச்சென்று ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று பரிகாசம் செய்வதுண்டு. எனக்கோ இதில் பெரிய நாகரிகம் தெரிகிறது. பாபம் நடந்திருக்கிறது என்பதை ஊர் ஒப்புக்கொள்கிறது; ஆனால் அந்தப் பாபி இன்ன வீட்டுக்காரன் என்று எவரையும் சுட்டாமல், முகமில்லாத ஒரு வைக்கோல் உருவத்தின்மேல் அதை ஏற்றி, எல்லோரும் சேர்ந்து அழுது தீர்த்துவிடுகிறார்கள்.

இதற்குள் கரிசல் பூமியில் கதை வேறு விதமாகத் திரும்பிவிட்டது. 1922இல் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, எந்த வறட்சி சாபமாக இருந்ததோ அதுவே மூலதனமாயிற்று. குச்சி காய வெயில் வேண்டும். பட்டாசு மருந்து காய வெயில் வேண்டும். காடு விளையாததால் குறைந்த கூலிக்கு வரும் கைகளும் வேண்டும். மூன்றையும் இந்த வானமே கொடுத்தது. ஆகவே இன்று ஒரே வீட்டில், புழுதி விதைப்பு விதைத்துவிட்டுத் தாய் மழைக்கு வேண்டுகிறாள். பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்யும் மகளோ, மழை வந்தால் அன்றைய கூலி போயிற்றே என்று வெயிலுக்கு வேண்டுகிறாள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் வீற்றிருக்கும் இருக்கன்குடி மாரியம்மன், ஆடிக் கடைசி வெள்ளியன்று இந்த இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே குடும்பத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறாள்.

2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டதுபோல ஒரு துயரம் நேரும்போதெல்லாம், விதி என்னும் சொல் காதில் விழுகிறது. துக்கப்பட்டவள் தன்னைத் தேற்றிக்கொள்ள அதைச் சொன்னால் நான் தலைவணங்குவேன்; கூலி கொடுக்கிறவரோ, சோதனையிடவேண்டிய அதிகாரியோ சொன்னால் அதை வேதாந்தமாகக் கொள்ளமாட்டேன். மலை தடுத்த மழைக்கு எவரும் பொறுப்பில்லை. அந்த மழையின்மையைக் கொண்டு குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட உழைப்புக்குப் பொறுப்பானவர்கள் உண்டு. மழை நாளுக்கும் பாதிக் கூலியாவது தருவதென்று ஓர் ஏற்பாடு இருந்துவிட்டால், தாயின் மழைக்கு எதிராக மகள் வேண்டிக்கொள்ள நேராது. அதைச் செய்யக்கூடியவர்களும் அதே வெள்ளிக்கிழமை அதே சந்நிதியில்தான் வரிசையில் நிற்கிறார்கள்.