கருவியில் உள்ள தடை

அமராவதிபுதூரில் ஆச்சிமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பேரன் எழுத்துக் கூட்டவே திணறுறான். முன்வினையா, ஆத்தா?"

மருத்துவ உளவியலில் ஈராண்டு எம்.ஃபில்., இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு, பிறகு குழந்தைகளின் நரம்பியல் உளவியல் என்று படித்து வந்தவள் நான். கவனம், நினைவு, மொழி, திட்டமிடல் இவற்றைச் சோதிப்பேன். உயிரை அளக்க என்னிடம் சோதனை கிடையாது.

13ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார், சிவஞானபோதம் என்னும் சைவ சித்தாந்த நூலின் நான்காம் சூத்திரத்தில், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களிலிருந்து உயிரைப் பிரித்துக் காட்டிவிட்டார். அவை மாயையில் பிறந்த கருவிகள். அவற்றைக் கொண்டே உயிர் அறிகிறது. நான் பார்ப்பது அந்தக் கருவிகளின் வேலையை. வினை உண்டென்றே நானும் நம்புகிறேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைமேல் அதைத் தீர்ப்பாகச் சுமத்த யாருக்கும் உரிமையில்லை.

ஆச்சி, அவனை மக்கு என்று சொல்லாதீர்கள். அவன் திணறுவது கற்றல் குறைபாடாக இருக்கலாம்; அது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறையாகச் சோதித்துச் சான்று வாங்குங்கள்.